ஸ்பெயினில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க அமைதியான கடலோர ஊரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஸ்பெயினின் கடற்கரையில் ஆரவாரம் இல்லாத ஓர் ஊரில் குடியேற விரும்புவதாகவும், எந்த ஊர் நல்லது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊரின் பெயரைச் சொல்வதற்கு முன், அந்த ஊரை எந்த மாதத்தில் போய்ப் பார்ப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில், வேலைநாள் ஒன்றின் மாலை ஏழு மணிக்கு அதன் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். அந்நேரம் ரொட்டிக்கடையும் மருந்துக்கடையும் திறந்திருந்து, பள்ளிப்பையைச் சுமந்த பிள்ளைகள் காலுக்குக் குறுக்கே ஓடினால், அந்த ஊரை மேற்கொண்டு விசாரிக்கலாம். நீங்கள் பிரிட்டனிலோ வேறொரு குளிர்நாட்டிலோ வேலை பார்த்து, பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன பிறகு, ஓய்வூதியத்தை நம்பிப் புறப்படும் அறுபதைக் கடந்த தம்பதி என்று எண்ணிக்கொண்டே இதை எழுதுகிறேன். மடிக்கணினியோடு வேலை செய்யும் இளவயதினராக இருந்தால், இதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

எல்லோரும் சொல்லும் கரைகளை நாங்களும் பார்த்தோம். அலிகாண்டே மாகாணத்தின் டொர்ரெவியெஹாவில் ஆங்கிலம் மட்டுமே பேசிக் காலம் தள்ளிவிடலாம். சிலருக்கு அது பெரிய வசதி, எங்களுக்கு அது வேண்டாம் என்று பட்டது. தெற்கு முனையில் உள்ள தாரிஃபா அழகான ஊர்தான் என்றாலும், லெவாந்தே என்னும் கீழைக்காற்று வீசத் தொடங்கினால் நாள்கணக்கில் விடாது. வடக்கே அஸ்தூரியாசும் கலீசியாவும் பச்சைப்பசேல் என்று இருப்பவை. ஆனால் மழைக்கு அஞ்சி இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியவர்கள் மறுபடியும் மழையிலேயே போய் விழுவானேன் என்று என் மனைவி கேட்டார். முர்சியாவில் உள்ள ஆகிலாஸ் மட்டும் கடைசிவரை எங்கள் பட்டியலில் இருந்தது. இரும்புத்தாது ஏற்றுமதியால் ஒரு காலத்தில் செழித்த துறைமுக ஊர் அது. சுற்றுலாப் பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் தன் பாட்டில் இயங்கும். மகள் பார்சிலோனாவில் வசிப்பதால் அவ்வளவு தெற்கே போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பார்சிலோனாவுக்கும் வலென்சியாவுக்கும் நடுவே, காஸ்டெல்லோன் மாகாணத்தின் வடகோடிக்கு வந்தோம். அங்கே ஒரே வளைகுடாவில், ஏழெட்டுக் கிலோமீட்டர் இடைவெளியில், இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று பெனீஸ்கோலா. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் மேல் டெம்ப்ளர் என்னும் சிலுவைப்போர் வீரர்கள் கட்டிய கோட்டையும், அதைச் சுற்றி வெள்ளையடித்த வீடுகளுமாக, படத்தில் பார்த்தவுடனே பயணச்சீட்டு வாங்கத் தோன்றும் ஊர். ரோமுக்குப் போட்டியாகத் தன்னையே போப்பாண்டவர் என்று சொல்லிக்கொண்ட பதின்மூன்றாம் பெனடிக்ட், 1411 முதல் 1423இல் இறக்கும்வரை பிடிவாதமாக உட்கார்ந்திருந்த கோட்டை அது. மற்றொன்று பெனிகார்லோ. அதைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகளில் ஆர்ட்டிசோக் எனப்படும் கூனைப்பூவைத் தவிர எழுதுவதற்கு அதிகம் கிடையாது.

எங்களுக்கு அறிவுரை சொன்ன அத்தனை பேரும் பெனீஸ்கோலாவையே சொன்னார்கள். நாங்கள் இரண்டு ஊர்களையும் குளிர்காலத்தில் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வோம் என்று நின்றோம். ஆகஸ்டில் கால் வைக்க இடமில்லாத பெனீஸ்கோலாவின் வடக்குக் கடற்கரைச் சாலையில் ஜனவரி மாலையில் நடந்தபோது, வரிசை வரிசையாக நின்ற அடுக்குமாடிகளில் சன்னல் மறைப்புகள் எல்லாம் இறக்கப்பட்டிருந்தன. ஒரு முழுக் கட்டடத்தில் விளக்கு எரிந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். உணவகங்களின் நாற்காலிகள் சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடந்தன. இதையும் அமைதி என்று சிலர் விரும்பக்கூடும், அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் எழுபது வயதில் இரவு பதினொரு மணிக்கு நெஞ்சு வலித்தால் கதவைத் தட்டுவதற்குப் பக்கத்து வீட்டில் ஆள் இல்லாத அமைதி எனக்கு வேண்டாம். கோட்டைக்குக் கீழே ஆண்டு முழுவதும் வாழும் மக்களும் மீன்பிடித் துறைமுகமும் அங்கே உண்டு என்பதை மறுக்கவில்லை. பெனீஸ்கோலாக்காரர் யாராவது இதைப் படித்துச் சண்டைக்கு வரவேண்டாம்.

பெனிகார்லோவில் அதே மாலை வேறு மாதிரி இருந்தது. சந்தைக் கட்டடத்தைச் சுற்றிய தெருக்களில் பாட்டிமார் கைகோத்து உலவிக்கொண்டிருந்தார்கள். மிதிவண்டி பழுதுபார்ப்பவர் கடையைச் சாத்தாமல் யாரோடோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். ஊரைச் சுற்றிக் கூனைப்பூ வயல்கள். பூவாக விரியுமுன் மொட்டாகப் பறித்துச் சமைக்கும் அந்தக் காய்க்கு இங்கே புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு உண்டு. ஜனவரியில் அதற்கென்று ஒரு திருவிழாவே எடுக்கிறார்கள். அதிகாலையில் கடலுக்குப் போன இழுவைப் படகுகள் பிற்பகலில் திரும்புகின்றன. நீல நிறப் பெட்டிகளில் நவரையும் கணவாயும் இறாலும் பனிக்கட்டித் தூளோடு இறங்க, ஏலக்கூடத்தின் வாசலில் ஓய்வுபெற்ற மீனவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, இன்றைக்கு இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்குவார்கள். சனி, ஞாயிறு படகுகள் போவதில்லை என்பதால் திங்கட்கிழமை மீன் வாங்கக் கூடாது என்பதை எனக்கு முதலில் சொன்னவரும் அவர்களில் ஒருவர்தான். விவசாயமும் மீன்பிடியும் பட்டறைகளும் இருப்பதால் இந்த ஊருக்குச் செப்டம்பரில் கதவைச் சாத்திக்கொண்டு போக வேண்டிய கட்டாயம் இல்லை. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை, சொந்தமாக ஒரு தொழில், ஆண்டு முழுவதும் நடக்கும் பள்ளிக்கூடங்கள், பக்கத்தில் பொதுமருத்துவமனை ஆகிய நான்கையும் நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். மருத்துவமனை அடுத்த ஊரான வினரோசில் இருக்கிறது. பார்சிலோனா, வலென்சியா தடத்தின் ரயில் நிலையத்துக்கு இரண்டு ஊர்களின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றாலும், நிலையம் இருப்பது பெனிகார்லோவில்.

அமைதி என்றால் ஊசி விழுந்தால் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மார்ச்சில் ஃபாயாஸ் திருவிழா வந்தால், 19ஆம் தேதி இரவு பொம்மைகளைக் கொளுத்தி முடிக்கும்வரை, நடக்கத் தெரிந்த குழந்தைகள் எல்லாம் கையில் வெடியோடுதான் அலைவார்கள். எனக்குத் தீபாவளி பழக்கம் என்பதால் உறுத்தவில்லை. எங்கள் மாடியில் இருக்கும் டச்சுக்காரர் அந்த வாரம் மட்டும் மலைக்குப் போய்விடுவார்.

இனி வீடு. ஸ்பானியக் கடற்கரை வீடுகளில் பெரும்பாலானவை கோடைக்காகக் கட்டப்பட்டவை: தரையில் ஓடு, மெல்லிய சுவர், மையச் சூடேற்றி கிடையாது. வெளியே பதினைந்து பாகை வெயில் காயும்போது உள்ளே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். தரகர் ஒருவர் எங்களை எப்போதும் நண்பகலில், சன்னல்களை எல்லாம் திறந்துவைத்துவிட்டுத்தான் அழைத்துப் போவார். என் மனைவி எந்த வீட்டுக்குப் போனாலும் நேராகப் படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தடவிப் பார்ப்பார். ஒரு வீட்டில் கையை எடுத்தபோது விரல் நுனியெல்லாம் கருப்புப் பூஞ்சை. அடித்த புதுச் சுண்ணாம்பின் வாசனை அறையில் அப்போதும் இருந்தது. கடலுக்குப் பக்கம் என்றால் ஈரம் இருக்கத்தானே செய்யும் என்று தரகர் சிரித்தார். கடலுக்கு நேர் எதிரே வேண்டாம் என்று இரண்டு தெரு உள்ளே தள்ளி, தெற்குப் பார்த்த வீடாகத் தேடி எடுத்தோம். அலை தெரியாது, ஆனால் ஜனவரியிலும் பகல் முழுவதும் கூடத்தில் வெயில் விழும்.

வாடகை ஒப்பந்தத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இந்தக் கரையில் நிறைய வீடுகளைச் செப்டம்பர் முதல் ஜூன் வரை மட்டுமே வாடகைக்கு விடுவார்கள். பிறகு உங்களை வெளியேற்றிவிட்டு அதே வீட்டை விடுமுறைக்காரர்களுக்கு வாரக்கணக்கில் விட்டால் வீட்டுக்காரர்களுக்குப் பல மடங்கு கிடைக்கும். மலிவாக ஒரு வீடு அகப்பட்டது என்று பூரிப்பதற்கு முன் ஒப்பந்தம் முடியும் தேதியைப் பாருங்கள். நிரந்தர வசிப்பிடத்துக்கான ஒப்பந்தம் என்றால், வீட்டுக்காரர் தனிநபராக இருக்கும்பட்சத்தில், ஐந்து ஆண்டுவரை அதை நீட்டித்துக்கொள்ளும் உரிமை சட்டப்படி உங்களுக்கு உண்டு. முதல் ஆண்டிலேயே வீடு வாங்கிவிடாதீர்கள் என்றும் சொல்வேன்.

தாள்வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தாலும் 180 நாளில் 90 நாளுக்கு மேல் விசா இல்லாமல் தங்க முடியாது. வீடு வாங்கினால் கிடைத்துவந்த தங்க விசாவை 2025 ஏப்ரல் 3ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். இன்னும் அதைச் சொல்லி ஆசைகாட்டும் காணொளிகளை நம்பாதீர்கள். நம் போன்றவர்களுக்கு உரியது, வேலை செய்யாமல் வாழ்வதற்கான விசா. ஐப்ரெம் என்னும் அரசின் வருமான அளவுகோல் 2023இலிருந்து மாதம் 600 யூரோ. ஒருவருக்கு அதைப் போல் நான்கு மடங்கும், உடன் வருபவருக்கு ஒரு மடங்கும் வருமானம் காட்ட வேண்டும், அதாவது தம்பதிக்கு ஆண்டுக்கு 36,000 யூரோ. முழுமையான தனியார் மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். சர்க்கரை நோய் இருக்கிறது என்று எழுதியவுடன் காப்பீட்டுக்காரர்களின் குரல் மாறும், ஆகவே அதை முதலில் விசாரியுங்கள். ஓராண்டு வசித்த பிறகு மாதம் 60 யூரோ, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 157 யூரோ கட்டி அரசு மருத்துவத்தில் சேர வழி உண்டு, ஆனால் மருந்துக்கு முழு விலை கொடுக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியவர்களுக்கு மருத்துவச் செலவைப் பிரிட்டனே ஏற்கச் செய்யும் எஸ்1 என்னும் படிவம் இந்தத் தலைவலியைத் தீர்த்துவிடும். ஓய்வூதிய நிதியில் கால் பங்கைப் பிரிட்டனில் வரியின்றி எடுக்கலாம் அல்லவா, ஆண்டில் 183 நாளுக்கு மேல் வசித்து ஸ்பெயினின் வரிதாரராக ஆன பிறகு அதை எடுத்தால் இங்கே வரி உண்டு. எடுப்பதாக இருந்தால் கிளம்புமுன் எடுத்துவிடுங்கள்.

வெள்ளத்தைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். 2024 அக்டோபர் 29ஆம் தேதி வலென்சியா மாகாணத்தில் 220க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். பெரிதும் அழிந்த பைபோர்ட்டா போன்ற ஊர்களில் அன்று மழையே அதிகம் இல்லை. மேலே மலைப்பக்கம் கொட்டியது, வறண்டு கிடந்த போயோ ஓடை வழியாக வந்து ஊருக்குள் பாய்ந்தது. மக்களின் கைபேசிக்கு எச்சரிக்கை வந்தது இரவு எட்டு மணிக்குப் பிறகு, அதற்குள் பலர் தண்ணீரில் இருந்தார்கள். மத்தியதரைக் கடற்கரை நெடுகிலும் இப்படிக் காய்ந்த ஓடைகள் இருக்கின்றன; கார் நிறுத்த நல்ல இடம் என்று தோன்றும் அகலமான மணல் பள்ளம் பெரும்பாலும் அதுதான். வெள்ளம் வரக்கூடிய பகுதிகளை அரசு வரைபடமாக இணையத்தில் வைத்திருக்கிறது. வீட்டு முகவரியை அதில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தரைத்தளம் மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கும்.

உங்களைப் போன்றவர்கள் வந்துதான் அங்கே வாடகை ஏறுகிறது என்று சிலர் என்னைத் திட்டுவார்கள் என்பது தெரியும். மயோர்க்காவிலும் பார்சிலோனாவிலும் மலகாவிலும் 2024இல் ஊர்மக்கள் தெருவுக்கு வந்து போராடியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு ஒரு குடும்பம் மாறும் விடுமுறை வீட்டையும், ஆண்டு முழுவதும் வாழ்ந்து, நகராட்சிப் பதிவேட்டில் பெயர் கொடுத்து, வரி கட்டிக் கடைகளில் வாங்கித் தின்னும் ஒரு முதிய தம்பதியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பதிவேட்டில் இருக்கும் தலைகளைக் கணக்கிட்டுத்தான் நகராட்சிக்கு மைய அரசின் நிதி வருகிறது. எனவே போன உடனே பதிவு செய்துகொள்வது மரியாதையும்கூட. இன்னொரு பக்கம் நம் உறவினர்கள். நம்மவர் யாரும் இல்லாத ஊரில் என்ன செய்கிறாய் என்று பதினொரு மாதமும் தொலைபேசியில் நோகடித்துவிட்டு, ஆகஸ்டில் குடும்பத்தோடு வந்து இறங்கி, கறிவேப்பிலை கிடைக்காத ஊரா என்று கேட்பார்கள். கறிவேப்பிலை பார்சிலோனாவின் ராவால் பகுதிக் கடைகளில் கிடைக்கும், மகள் வரும்போது கொண்டுவருவாள். அரிசிக்குப் பஞ்சமில்லை; எப்ரோ ஆற்றின் கழிமுகத்தில் நெல் விளைகிறது, அந்தக் குண்டரிசி குழம்புக்குப் பொருந்தாவிட்டாலும் தயிர்சாதத்துக்கு அருமையாக இருக்கும்.

கடைசியாக, கார். பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமத்தை ஸ்பானிய உரிமமாக மாற்றிக்கொள்ள 2023 மார்ச்சிலிருந்து உடன்பாடு இருக்கிறது. இந்திய உரிமத்துக்கு அந்த வசதி இல்லை. எத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாலும் இங்கே வசிப்பவராக ஆனபின் தேர்வெழுதி வாங்க வேண்டும். எப்படியும் எண்பதில் யாரும் ஓட்டப் போவதில்லை. அதனால்தான் மருத்துவரும் சந்தையும் ரயில் நிலையமும் கால்நடையாகவே எட்டும் ஊர்களை மட்டும் பட்டியலில் வையுங்கள் என்கிறேன். குன்றின் மேல் கடலைப் பார்த்தபடி இருக்கும் வீட்டுக் குடியிருப்புகளை, விலை எவ்வளவு இறங்கினாலும், விட்டுவிடுங்கள்.