பழைய சிஸ்டத்தோட ஆன்லைன் கடையை கோர்க்கறது எப்படி? கேள்வி பதில்

ஏற்கனவே பில்லிங், ஸ்டாக், கணக்குன்னு சாஃப்ட்வேர் ஓடிட்டு இருக்கற வியாபாரத்துல ஆன்லைன் விற்பனையை எப்படி சேக்கறதுன்னு கேள்வி அனுப்ப சொல்லியிருந்தேன், நிறைய வந்துடுச்சு. "எந்த பிளாட்ஃபார்ம் பெஸ்ட்"னு கேட்டதை எல்லாம் தள்ளி வச்சுட்டேன், கோச்சுக்காதீங்க, அது கடைசியா முடிவு பண்ண வேண்டிய விஷயம்.

கேள்வி: அக்கா, எங்ககிட்ட ஒரு ஈஆர்பி (ஸ்டாக், பில், கணக்கு எல்லாத்தையும் ஒண்ணா பாக்கற சாஃப்ட்வேர்) இருக்கு, கடை பில்லிங்குக்கு தனி சாஃப்ட்வேர் இருக்கு. இப்போ முதலாளி வெப்சைட்டும் வேணும்னு சொல்றார். எங்கிருந்து ஆரம்பிக்கறது?

ஒரு தாள் எடுங்க. சரக்கு பேரு, விலை, இருப்பு, கஸ்டமர் விவரம், ஆர்டர், பில், வந்த பணம்னு வரிசையா எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல, ரெண்டு சிஸ்டம் ரெண்டு விதமா சொன்னா யார் சொல்றது செல்லும்னு எழுதுங்க. இவ்வளவுதான் முதல் வேலை, ஆனா இதுலதான் டிபார்ட்மென்ட்டுக்கு டிபார்ட்மென்ட் சண்டை வரும், வரட்டும், லைவ் போனதுக்கு அப்புறம் வர்றதுக்கு இப்பவே வந்துட்டா நல்லது. "ரெண்டுலயும் மாத்திக்கலாம்"னு யாராவது சொன்னா மட்டும் ஒத்துக்காதீங்க, ரெண்டு சிஸ்டத்தோட தகவலையும் ஒண்ணாக்கற நைட் சிங்க் ஓடும்போது யாரோ மாத்தின விலையை இன்னொருத்தர் விலை அழிச்சுட்டு போயிடும், ஏன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

பொதுவா விலை, இருப்பு, பில் எல்லாம் ஈஆர்பி கையில இருக்கும். போட்டோ, விளக்கம், எந்த கேட்டகரில காட்டணும்ங்கறது வெப்சைட் கையில. ஆர்டர் பொறக்கறது வெப்சைட்ல, ஈஆர்பி ஏத்துக்கிட்டதுக்கு அப்புறம் அதுக்குத்தான் சொந்தம். இது முடிஞ்சதும் அம்புக்குறி போடுங்க: எது எங்கிருந்து எங்க போகுது, எவ்வளவு லேட்டானா பரவாயில்லை, நின்னு போனா யாருக்கு தெரியணும். மூணாவது கேள்விக்கு பதில் ஒரு ஆளோட பேரா இருக்கணும், "ஐடி டீம்"னு எழுதி வச்சா யாரும் பாக்க மாட்டாங்க.

கேள்வி: ஸ்டாக் ரியல் டைம்ல அப்டேட் ஆகணும்னு வென்டர் சொல்றார், செலவு ஜாஸ்தியா இருக்கு. நிஜமாவே வேணுமா?

எல்லா சரக்குக்கும் வேணாம். 500 பீஸ் இருக்கற சரக்கு 15 நிமிஷம் லேட்டா அப்டேட் ஆனா ஒண்ணும் ஆகாது. 2 பீஸ் மட்டும் இருக்கற சரக்குதான் பிரச்சனை. அதனால குறைஞ்ச இருப்பு உள்ளதை மட்டும் அடிக்கடி அனுப்புங்க, மீதி கால் மணிக்கு ஒரு தடவை போதும், ராத்திரி ஒரு தடவை முழுசா ஒப்பிட்டு பாத்து வித்தியாசம் இருந்தா ரிப்போர்ட் வரட்டும்.

இதைவிட முக்கியமானது, எந்த எண்ணை அனுப்பறீங்கங்கறது. குடோன்ல இருக்கற எண்ணிக்கையை அப்படியே அனுப்பக்கூடாது. 10 இருக்கு, அதுல 3 ஏற்கனவே ஆர்டர் ஆகி பேக்கிங்குக்கு காத்திருக்கு, டேமேஜ், கணக்கு தப்புன்னு ஒரு 2 ஒதுக்கி வச்சிருக்கீங்கன்னா வெப்சைட்ல 5தான் காட்டணும். கடையிலயும் அதே சரக்கை விக்கறீங்கன்னா இந்த ஒதுக்கீடு இல்லாம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க, கஸ்டமர் கையில எடுத்து கவுண்டருக்கு நடந்து வர்ற நேரத்துல அதே பீஸை ஆன்லைன்ல இன்னொருத்தர் வாங்கியிருப்பார், இதை எந்த ரியல் டைம் சிங்க்கும் தடுக்காது. அப்புறம், எப்போ ரிசர்வ் பண்றதுன்னும் முடிவு பண்ணுங்க. கஸ்டமர் கார்ட்ல (வெப்சைட்டோட ஷாப்பிங் கூடையில) போட்டவுடனேவா, பணம் கட்டினதும் தானா? கார்ட்ல போட்டவுடனேன்னா டைம் லிமிட் வைங்க, இல்லாட்டி வாங்காதவங்க கார்ட்லயே ஸ்டாக் எல்லாம் தூங்கும்.

கேள்வி: சரக்கு லிஸ்ட்டை எக்செல்ல எடுத்து ஏத்தினோம், பாதி சரக்கு மேட்ச் ஆகலை. என்ன தப்பு?

பார்கோடை பாருங்க, 90 சதவீதம் அங்கதான் இருக்கும்னு பந்தயமே கட்டுவேன். சிஎஸ்வி ஃபைலை (கமா போட்டு பிரிச்ச சாதா டெக்ஸ்ட் லிஸ்ட்) எக்செல்ல டபுள் கிளிக் பண்ணி திறந்தா, முன்னாடி இருக்கற பூஜ்யத்தை தின்னுடும். 13 இலக்க பார்கோடை 8.9ஈ+12 மாதிரி சுருக்கி காட்டும், அதை அப்படியே சிஎஸ்வியா சேவ் பண்ணா சுருக்கினதுதான் ஃபைல்ல போகும், ஒரிஜினல் எண் போயே போச்சு. 15 இலக்கத்துக்கு மேல உள்ள எண்ணா இருந்தா மீதியை பூஜ்யமா மாத்திடும். அந்த பார்கோடு நெடுவரிசையை (column) டெக்ஸ்ட்னு சொல்லி இம்போர்ட் பண்ணுங்க. ரெண்டாவது, அளவு யூனிட். உங்க ஈஆர்பில 1ன்னா ஒரு பெட்டி, வெப்சைட்ல 1ன்னா ஒரு பீஸ், இந்த மாதிரி இருக்கான்னு பாருங்க. மூணாவது, ஒரே சரக்குக்கு நாலு கோட் நம்பர் இருக்கும், வருஷக்கணக்கா ஆளுக்கு ஒண்ணா போட்டு வச்சிருப்பாங்க. கிளீன் பண்ணிட்டுதான் கோர்க்கணும். போரடிக்கற வேலைதான், ஆனா பிளான்ல அதிக நாள் இதுக்குத்தான் ஒதுக்கணும்.

கேள்வி: ஒரே ஆர்டருக்கு ரெண்டு பில் விழுது சார்... டெவலப்பர் வெப்சைட் மேல பழி போடறார், வெப்சைட்காரங்க எங்க மேல.

சார் இல்ல, அக்கா 😄. வெப்ஹூக் (ஆர்டர் விழுந்ததும் வெப்சைட் தானா உங்க சிஸ்டத்துக்கு அனுப்பற செய்தி) வச்சுதானே எடுக்கறீங்க? வெப்ஹூக் ஒரே செய்தியை ரெண்டு தடவை அனுப்பலாம், அது பிழை (bug) இல்ல, அப்படித்தான் டிசைன். உங்க பக்கம் "கிடைச்சுது"ன்னு பதில் சொல்ல லேட்டானா, போய் சேரலைன்னு நெனச்சு திரும்ப அனுப்பும். அதனால வாங்கற பக்கம்தான் உஷாரா இருக்கணும். ஆர்டர் நம்பரை டேட்டாபேஸ்ல ஒரு தடவைதான் வரலாம்னு பூட்டிடுங்க, ரெண்டாவது தடவை வந்தா "ஓகே"ன்னு பதில் சொல்லிட்டு சும்மா இருக்கணும். செய்தி வந்ததும் அங்கேயே பில் போட ஆரம்பிக்காதீங்க, வாங்கி ஒரு க்யூல (காத்திருப்பு வரிசையில) போட்டுட்டு உடனே பதில் சொல்லுங்க, வேலை பின்னாடி ஓடட்டும். திரும்ப திரும்ப ஃபெயில் ஆகறதை தனியா ஒரு இடத்துல ஒதுக்கி மனுஷன் கண்ணுல படற மாதிரி வைங்க. நேர்மாறா, வெப்ஹூக் வராமலே போறதும் உண்டு, அதுக்கு மணிக்கு ஒருக்கா "கடைசி ஆர்டர்கள் என்னென்ன"ன்னு நீங்களே போய் கேட்டு விட்டுப்போனதை எடுத்துக்கணும்.

கேள்வி: எங்க சாஃப்ட்வேர் ரொம்ப பழசு, ஏபிஐயே (வேற சாஃப்ட்வேர் வந்து பேசற வழி) கிடையாது. தூக்கி போட்டுடலாமா?

அவசரப்படாதீங்க. ஃபைல் எக்ஸ்போர்ட் இருந்தாலே ஆரம்பிக்கலாம். இருப்பை நேரம் வச்சு ஃபைலா வெளிய எடுங்க, ஆர்டரை இம்போர்ட் ஸ்கிரீன் வழியா உள்ள விடுங்க. டேட்டாபேஸை படிக்கறது ஓகே, ஆனா நேரடியா டேபிள்ல எழுதற ஆசை மட்டும் வேணாம், சாஃப்ட்வேர் பில் போடும்போது பின்னாடி லெட்ஜர் (கணக்கு பேரேடு), வரி, இருப்புன்னு பல இடத்துல எழுதும், நீங்க ஒரு டேபிள்ல மட்டும் எழுதினா கணக்கு உடையும். ஆர்டர் கொஞ்சம்தான் வருதுன்னா ஒரு ஆள் கையால டைப் பண்றதும் ஒரு நல்ல பிளான்தான், வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

கேள்வி: கார்டு நம்பரை நம்ம சிஸ்டத்துல வச்சுக்கலாமா, ரிப்பீட் கஸ்டமருக்கு ஈஸியா இருக்கும்?

வேணாம். கேட்வேயோட (ஆன்லைன்ல உங்களுக்காக பணம் வாங்கற கம்பெனி) பேமென்ட் பக்கத்தை யூஸ் பண்ணுங்க, அவங்க கார்டு நம்பருக்கு பதிலா தர்ற டோக்கனை மட்டும் வைங்க. கார்டு நம்பர் உங்க சர்வரை தொட்டா பிசிஐ டிஎஸ்எஸ்ங்கற கார்டு பாதுகாப்பு விதிகள் முழுசா உங்க தலையில வரும். சிவிவியை (கார்டுல இருக்கற ரகசிய எண்) என்க்ரிப்ட் பண்ணி கூட வச்சுக்க அனுமதி இல்ல, பேமென்ட் அங்கீகாரம் ஆனதும் போயிடணும்.

கேள்வி: நான் அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். பேங்க்ல வர்ற பணமும் ஆன்லைன் சேல்ஸும் ஒரு நாள் கூட ஒத்துப்போகலை.

ஒத்துப்போகாது, போகவும் கூடாது. இன்னைக்கு வித்ததுக்கு பணம் ரெண்டு நாள் கழிச்சு வரும், பல ஆர்டர் சேந்து ஒரே தொகையா வரும், கமிஷன் பிடிச்சுட்டு வரும், நடுவுல ரீஃபண்டும் கழிச்சிருப்பாங்க. அதனால வித்த உடனே பேங்க்ல வரவு வைக்காதீங்க. 1000 ரூபாய்க்கு வித்தா, கேட்வே பேர்ல ஒரு லெட்ஜர் திறந்து அதுல 1000 ரூபாயை பற்று (டெபிட்) வைங்க. செட்டில்மென்ட் (கேட்வே அனுப்பற பணம்) வந்ததும் 980 பேங்குக்கு, 20 கமிஷன் செலவுக்கு, லெட்ஜர் நேராகிடும். செட்டில்மென்ட் ரிப்போர்ட்ல ஆர்டர் நம்பர் வர்ற மாதிரி முதல்லயே டெவலப்பர்கிட்ட கேட்டு வாங்கிடுங்க, இது இல்லாம கையால மேட்ச் பண்றது நரகம். அந்த லெட்ஜர்ல ரொம்ப நாளா நேராகாம நிக்கற வரிகள்தான் உங்க நிஜ பிரச்சனை, தினமும் அதை மட்டும் பாத்தா போதும்.

ஒண்ணு சொல்லிடறேன், பிளானிங் மீட்டிங்ல உங்களை மாதிரி ஆளை கூப்பிடவே மாட்டாங்க. நீங்களா போய் உக்காருங்க.

கேள்வி: ஆர்டர் நல்லா வருது, ரிட்டர்ன்தான் குழப்புது. 3 பொருள்ல ஒண்ணை மட்டும் திருப்பி அனுப்பறாங்க.

டெமோல யாரும் இதை காட்ட மாட்டாங்க. பொருள் திரும்பறதும் பணம் திரும்பறதும் ரெண்டு தனி நிகழ்ச்சின்னு பிரிச்சுடுங்க. பொருள் வந்து ஒருத்தர் பாத்து "விக்கலாம்"னு சொன்னாதான் இருப்பு ஏறணும், ரீஃபண்ட் பட்டனை அழுத்தினதுமே தானா ஏறற செட்டிங் இருந்தா ஆஃப் பண்ணுங்க. மொத்த பில்லுக்கு தள்ளுபடி கொடுத்திருந்தா அதை ஒவ்வொரு வரிக்கும் பிரிச்சு ஆர்டர்லயே சேவ் பண்ணி வைங்க, திரும்பும்போது எவ்வளவு கொடுக்கறதுன்னு அப்பதான் தெரியும்.

கேள்வி: எல்லா சரக்கையும் ஒரே நாள்ல லைவ் விடலாமா?

50 சரக்கு, தெரிஞ்ச கஸ்டமர் கொஞ்ச பேர், ஒரு மாசக் கடைசி கணக்கு முடியற வரைக்கும். அப்புறம் மீதி.

கேள்வி: ராத்திரி வர்ற ஆர்டர் சிலது வேற தேதில பில் ஆகுது, பெரிய விஷயமா?

மாசக் கடைசில பெரிய விஷயம்தான், சேல்ஸ் வேற மாசத்துக்கு போயிடும். வெப்சைட் அனேகமா யூடிசில (உலகப் பொது நேரம்) நேரத்தை அனுப்புது, உங்க சிஸ்டம் அதை லோக்கல் நேரம்னு நெனச்சு எடுத்துக்குது. சேமிக்கறது யூடிசியாவே இருக்கட்டும், பில் தேதி போடும்போது மட்டும் மாத்த சொல்லுங்க. பழைய பில்லை திருத்தறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுடுங்க.