அம்மாவை ஏன் வாங்கில் இருத்துகிறீர்கள்?

கேள்வி: நாங்கள் சூரிச்சில் இருக்கிறோம். ஒக்டோபரில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாவோடு இரண்டரை நாளுக்கு பொஸ்னியாவின் தலைநகர் சரயேவோ போகிறோம். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வருத்தம். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு கோண்டாவிலை விட்டு இங்கே வந்தவ, வீட்டை விட்டு வெளிக்கிடுவதே குறைவு. அவ வந்தால் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது என்கிறார் மனைவி. அவருக்கு, பொஸ்னியாவின் இன்னொரு நகரான மோஸ்தாரும் போக வேண்டும். போர்க்காலச் சுரங்கத்துக்குப் போகும்போது அம்மாவை வெளியில் ஒரு வாங்கில் இருத்திவிடலாம், அதெல்லாம் அவவுக்கு விளங்காது. இரண்டு பேரையும் எப்படிச் சமாளிப்பது?

பதில்: தம்பி, மாமி மருமகள் இழுபறிக்கு இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன், இன்றைக்கு அது வேண்டாம். எனக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு சொல்லில்தான். ‘விளங்காது’ என்கிறீர்களே, யாருக்கு?

அந்தச் சுரங்கம் என்னவென்று முதலில் உங்களுக்கு விளங்குகிறதா பார்ப்போம். 1992 ஏப்ரலில் இருந்து 1996 பெப்ரவரி வரை, 1,425 நாள், சுற்றியிருந்த மலைகளில் இருந்து பொஸ்னிய சேர்பியப் படைகள் சரயேவோ மேல் ஷெல் அடித்தன. உள்ளே கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, அடுப்பெரிக்க வீதி மரங்களைத் தறித்தார்கள், பியர் தொழிற்சாலை ஒன்றில் தண்ணீர் கிடைக்கும் என்று கானும் கையுமாக வரிசையில் நின்றார்கள். 1993இல் விமான ஓடுபாதைக்கு அடியால், 800 மீட்டர் நீளத்துக்கு, ஆள் குனிந்து போகிற உயரத்தில் ஒரு வழி வெட்டினார்கள், அது போய் முடிந்தது ஒரு குடும்பத்தின் வீட்டில். சாப்பாடு, மருந்து, ஆயுதம் எல்லாம் அதால் வந்தன.

இதில் எது தம்பி உங்கள் அம்மாவுக்குப் புதிது? வளவுக்குள் பங்கர் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, பொம்மர் சத்தம் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்த தலைமுறை அது. பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விட்டு ஜாம் போத்தலில் விளக்குக் கொளுத்தியவர்கள். சரயேவோ வரலாற்று அருங்காட்சியகத்தில் அதே மாதிரிக் கைவிளக்குகளும் தகர அடுப்புகளும் காட்சிக்கு இருக்கின்றன. நீங்கள் டிக்கெட் எடுத்து, பக்கத்தில் எழுதியிருப்பதை வாசித்துப் பிள்ளைகளுக்கு விளக்குவீர்கள், அப்படி ஒரு விளக்கைக் கையால் செய்தவர் வெளியே குந்தியிருப்பாரா? வெட்கமாக இல்லையா?

இத்தனை வருடத்தில் அந்தக் காலத்தைப் பற்றி அம்மாவிடம் ஒரு நாளாவது இருந்து கேட்டிருந்தால் இந்தச் சொல் உங்கள் வாயில் வந்திராது. டொக்டரிடம் கூட்டிப்போவதும் மருந்து வாங்கிக் கொடுப்பதும் மட்டும்தான் மகனின் கடமை என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

சரி, முழங்கால். சுரங்கத்தில் இப்போது நடக்க விடுவது சின்னத் துண்டுதான். இறங்குவதா இல்லையா என்பதை அம்மாவே சொல்லட்டும். மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், அந்த இருட்டு அவரை எங்கே கொண்டுபோகும் என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, ஆனால் ஒருவராவது பக்கத்தில் இருங்கள். பஷ்சார்ஷியா கடைத்தெரு சமதரை, கல் பதித்தது, சப்பாத்து போட்டால் மெல்ல நடக்கலாம். 1914இல் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட லத்தீன் பாலத்துக்குப் பத்து நிமிடம் போதும். அதே ஆற்றங்கரையில் இருக்கிற வியேச்னிட்சாவில்தான் நேரம் எடுங்கள். தேசிய நூலகமாக இருந்த அந்தக் கட்டடம் 1992 ஓகஸ்டில் ஷெல்லடியில் எரிந்தது, 2014இல்தான் திரும்பத் திறந்தார்கள். யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981இல் உங்கள் அம்மாவுக்கு இருபத்தைந்து வயதாவது இருக்கும். அங்கே வைத்து நீங்கள் பேசாதீர்கள், அவர் பேசட்டும்.

சாப்பாட்டுக்கு ஒன்று: வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவர் என்றால் ‘புரெக்’ என்கிற மாப்பண்டத்தைக் கேட்காதீர்கள், அங்கே புரெக் என்றால் இறைச்சிதான். சீஸ் வைத்தது ‘சிர்னிட்சா’, உருளைக்கிழங்கு வைத்தது ‘க்ரொம்பிருஷா’.

மோஸ்தார் இந்த முறை வேண்டாம், போக வர ஒரு பகல் வீதியிலேயே போய்விடும். மஞ்சள் கோட்டை ஏற்றம், அதனால் ஒரு பின்னேரம் நீங்களும் மனைவியும் மட்டும் ஏறிப்போய் சூரியன் விழுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள், அவருக்கும் ஆறுதலாக இருக்கும். அதற்கெல்லாம் ஒக்டோபர் வர வேண்டும். இன்றைக்கு இரவு சாப்பாட்டு மேசையில், பிள்ளைகள் இருக்கும்போதே, கோண்டாவில் வீட்டுப் பங்கருக்குள் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள்.