கார் பராமரிப்பு: வாசகர் கேள்வியும் பதிலும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூசணத்தைப் பற்றியவை. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து வந்த தொழில் தொடர்பான கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

கேள்வி (வாசகி, அம்பாங்): ஐயா, மூன்று வாரம் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தோம். கார் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பூட்டியபடியே கிடந்தது. திரும்பி வந்து திறந்தால் கறுப்புத் தோல் இருக்கைகள் முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். பிளீச் போட்டுத் துடைக்கலாம் என்கிறார் கணவர். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள், அம்மா. மாமியார் சொல்வதில் ஒரு பழைய உண்மை இருக்கிறது. மேற்பூச்சு இல்லாத செருப்புத் தோலும் தோல் வாரும் எண்ணெயைக் குடித்து இளகும் என்பதை அவர் தலைமுறையினர் கண்ணால் கண்டிருப்பார்கள். ஆனால் இன்று கார்களில் வரும் தோல் பெரும்பாலும் சாயம் ஏற்றி, அதற்கு மேல் பாலியூரித்தேன் பூச்சும் கொடுக்கப்பட்டது. எண்ணெய் அதற்குள் இறங்காது. மேலேயே தங்கித் தூசியையும் வியர்வையையும் பிடித்து வைத்துக்கொள்ளும், சில நாளில் காறல் வாடையும் எழும். பிளீச்சைப் பொறுத்தவரை, அது கறையை வெளுக்கும்போதே தையல் நூலையும் இருக்கையின் நிறத்தையும் சேர்த்து வெளுத்துவிடும்.

முதலில், உங்கள் இருக்கை எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். விற்பனையாளர் 'லெதர்' என்று சொல்லியிருந்தாலும், உட்காரும் பகுதியும் சாயும் பகுதியும் மட்டும் உண்மைத் தோலாகவும், பக்கவாட்டும் பின்புறமும் செயற்கைத் தோலாகவும் இருப்பது மிகவும் சாதாரணம். இருக்கையின் அடிப்புறத்தில் வெட்டப்பட்ட ஓரம் தெரிந்தால் பாருங்கள்: உண்மைத் தோலின் உட்புறம் நார் நாராக இருக்கும், செயற்கைத் தோலின் உட்புறத்தில் துணி நெய்தது போலத் தெரியும். உண்மைத் தோல்தான் என்றால், மறைவான ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு முத்தாக நின்றால் பூச்சுள்ள தோல், உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுத்தால் பூச்சில்லாத தோல். பூச்சில்லாத வகை அரிது. உங்களுடையது அதுவாக இருந்தால் வீட்டில் கை வைக்காமல் இந்த வேலையில் பழகிய ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சுத்தம் செய்யும் நாளில் காரைக் கீழ்த்தளத்திலிருந்து வெளியே, நிழலும் காற்றும் உள்ள இடத்துக்குக் கொண்டு வந்து நான்கு கதவுகளையும் திறந்து வையுங்கள். முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். காய்ந்த பூசணத்தைத் தட்டவோ ஊதவோ கூடாது. அப்படிச் செய்தால் வித்துகள் கூரைத் துணிக்கும் கம்பளத்துக்கும் பரவி, அடுத்த மாதம் அங்கேயும் முளைக்கும். நல்ல வடிகட்டி உள்ள வெக்குவத்தால் மெதுவாக உறிஞ்சிவிட்டு, தோலுக்கென்றே விற்கப்படும் மென்மையான திரவத்தை இருக்கையின் மேல் நேராக அடிக்காமல் மைக்ரோஃபைபர் துணியில் எடுத்துத் துடையுங்கள். தையல் ஓரங்களுக்கு மென்மையான தூரிகை போதும். ஒரு பக்கம் அழுக்கான துணியை மடித்துப் புதுப் பக்கத்தால் துடைப்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம், ஆனால் பூசணத்தை இருக்கை முழுவதும் பூசிவிடாமல் இருக்க அதுதான் வழி. சமையலறைக்கு வாங்கிய எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிகள் காரத்தன்மை மிக்கவை, தோலோ இலேசான அமிலத்தன்மை உடையது. ஆகவே அவை இரண்டும் சேரக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் ஈரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்காவிட்டால் பூசணம் மறுபடியும் வரும். முன்பக்கப் பயணியின் காலடிக் கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். நனைந்திருந்தால், குளிர்சாதனத்தின் தண்ணீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். அதைப் பட்டறையில் காட்ட வேண்டும். வீடு வந்து சேர்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஏசி பொத்தானை அணைத்து, விசிறியை மட்டும் ஓடவிடும் பழக்கம் உள்ளே தங்கும் ஈரத்தைக் குறைக்கும். நீண்ட நாள் ஊரில் இல்லாதபோது காருக்குள் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களில் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு இருக்கும். அது உறிஞ்சிய தண்ணீர் உப்புக் கரைசலாக அடியில் சேரும். அந்த டப்பா இருக்கையின் மீது கவிழ்ந்தால் பூசணத்தைவிடப் பெரிய சேதம் ஏற்படும். வைப்பதானால் தரையில், அசையாதபடி ஒரு வாளிக்குள் வையுங்கள்.

கேள்வி (வாசகர், செராஸ்): புதுக் காருக்குக் கோயிலில் பூசை செய்தோம். முன் மூடியில் சந்தனமும் குங்குமமும் திருநீறும் காய்ந்துவிட்டன. வெள்ளை நிறக் கார். சோப்புப் போட்டுத் துடைத்தபோது உள்ளே கதவோரத் துணியில் இருந்த மஞ்சள் கறை சிவப்பாகிவிட்டது. ஏன்?

பதில்: மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். நம் வீடுகளில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்த முறையே இதுதான். நீங்கள் பயன்படுத்திய சோப்பு காரமானது என்பதால் உங்கள் கதவோரத்திலும் குங்குமம் உருவாகிவிட்டது, அவ்வளவுதான். மிகவும் நீர்த்த வினிகரை மறைவான இடத்தில் சோதித்துப் பார்த்து ஒற்றி எடுத்தால் சிவப்பு மறுபடியும் மஞ்சளுக்குத் திரும்பும். எஞ்சும் மஞ்சளை வெயிலில் விடுங்கள், வெளிச்சம் பட்டால் மஞ்சளின் நிறம் தானாகவே மங்கிவிடும். வெளியே காய்ந்த திருநீற்றை உலர்ந்த துணியால் தேய்த்திருந்தால் பெயிண்டில் நுண்ணிய கீறல்கள் விழுந்திருக்கும். சாம்பல் துகள் அரம் போல வேலை செய்யும். இனி முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, அது வழிந்தோடிய பிறகே துணி படட்டும். பூசையின்போது பொட்டைக் கண்ணாடியில் வைக்கச் சொல்லிக் குருக்களிடம் கேட்டால் அவர் மறுக்கமாட்டார்.

கேள்வி (வாசகி, கெப்போங்): பாலிக் பூலாவிலிருந்து டுரியான் கொண்டு வந்தோம். ஒரு வாரமாகியும் வாடை போகவில்லை.

பதில்: வாசனைத் தெளிப்பான் அடிக்காதீர்கள், இரண்டு வாடையும் கலந்து மூன்றாவது ஒன்று பிறக்கும். அந்த வாடைக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் துணியிலும் குளிர்சாதனக் காற்று வடிகட்டியிலும் தங்கியிருக்கின்றன. பெரும்பாலான கார்களில் பயணியின் முன்னுள்ள பெட்டிக்குப் பின்னால் இருக்கும் அந்த வடிகட்டியை மாற்றுங்கள். கம்பளத்தில் சமையல் சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டு உறிஞ்சி எடுங்கள். கூரைத் துணியை மட்டும் நனைக்க வேண்டாம், பசை விட்டுத் தொங்கிவிடும்.

கேள்வி (வாசகர், பெட்டாலிங் ஜெயா): மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாலிஷ் போடுகிறேன். இப்போது ஒரு கடையில், வைரம் போல் கடினமான '9எச்' செராமிக் பூச்சு அடித்தால் கீறலே விழாது என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பாலிஷை நிறுத்துங்கள். பெயிண்டின் மேலிருக்கும் 'கிளியர் கோட்' எனும் நிறமற்ற பாதுகாப்பு அடுக்கு பெரும்பாலான கார்களில் சுமார் 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிட மெல்லியது. கீறல் மறைவது எப்படி என்றால், கீறலைச் சுற்றியுள்ள மட்டத்தைச் சீவிக் கீறலின் அடியளவுக்கு இறக்குவதால்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகிறது, போனது திரும்ப வராது. மெழுகு பூசுவது வேறு, அரைத்துத் தேய்க்கும் காம்பவுண்ட் வேறு. முன்னதை விரும்பியபோது செய்யலாம். பின்னதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் தடிமன் அளக்கும் கருவியை முதலில் வைத்துப் பார்ப்பவரிடம் மட்டும் செய்யுங்கள்.

'9எச்' என்பது வைரத்தின் அளவுகோலில் வருவதன்று. பென்சில் கூர்களை வைத்துக் கீறிப் பார்க்கும் சோதனையில் மிகக் கடினமான பென்சிலின் பெயர் அது. செராமிக் பூச்சு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் விரைந்து வழியும், அழுக்கு எளிதில் போகும், பறவை எச்சம் பெயிண்டை அரிக்கும் வேகம் சற்றுக் குறையும். ஆனால் எச்சத்தைக் கண்ட அன்றே ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு எடுக்கும் வேலையிலிருந்து அது உங்களை விடுவிக்காது. நெடுஞ்சாலைக் கல்லுக்கும் பேரங்காடித் தள்ளுவண்டிக்கும் முன்னால் அதற்குத் தனி வீரம் எதுவும் இல்லை.

கேள்வி (வாசகர், செந்தூல்): வயது 26. காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்யும் ஒரு டீட்டெய்லிங் கடையில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். கடை வாடகை கட்டுப்படியாகாது என்பதால் வீடு தேடிச் சென்று செய்யும் நடமாடும் தொழிலாகத் தொடங்க விரும்புகிறேன். என்னிடம் பழைய மைவி கார் ஒன்று இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் சேவை என்று விளம்பரம் செய்யலாமா? எதை மையமாக வைத்துத் தொடங்குவது?

பதில்: தம்பி, கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் என்று எழுதிவிட்டால் உங்கள் நாளின் பாதி சாலையிலேயே கழியும். கடை வைப்பவர் இடத்தை ஒருமுறை தேர்ந்தெடுத்து வாடகை கட்டுகிறார். நீங்கள் அந்த வாடகையை ஒவ்வொரு பயணத்திலும் நேரமாகவும் பெட்ரோலாகவும் சாலைச் சுங்கமாகவும் கட்டப் போகிறீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உட்புறச் சுத்தம் ஒன்றுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால் இரண்டு கார்களுக்கு ஆறு மணி நேரம். இரண்டுக்கும் இடைப்பட்ட பயணம் 20 நிமிடமாக இருந்தால் மூன்றாவதாக ஒரு சிறு வேலையும் கிடைக்கலாம். செந்தூலிலிருந்து காஜாங், அங்கிருந்து ஷா ஆலாம் என்று போனால் இரண்டாவதே சந்தேகம்.

ஆகவே வரைபடத்தில் கிலோமீட்டரால் வட்டம் போடாமல் காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஆகும் பயண நேரத்தால் வட்டம் போடுங்கள். உங்கள் இடத்திலிருந்து ஜாலான் ஈப்போ, செத்தாப்பாக், கெப்போங், மோண்ட் கியாரா ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இவற்றுள் அடுக்குமாடிகள் நெருங்கிய மோண்ட் கியாராவில் ஒரே கட்டடத்தில் மூன்று வாடிக்கையாளர் கிடைத்தால் அது மூன்று ஊர்களில் கிடைக்கும் ஐந்து பேரைவிட மேல். ஒரு கட்டடத்தில் ஒருவருக்கு நன்றாகச் செய்து கொடுத்தால், மின்தூக்கியில் பேசும் பேச்சே உங்களுக்கு விளம்பரமாகும்.

ஆனால் அங்கே தண்ணீரை ஊற்ற விடமாட்டார்கள். அடுக்குமாடியின் பொது இடங்கள் 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ் அமைந்த நிர்வாகக் குழுவின் பொறுப்பில் இருக்கின்றன. வாடிக்கையாளர் அனுமதித்தாலும் குழு மறுக்கலாம், காவலரும் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். ஆதலால் முதல் வேலைக்கு முன்பே நிர்வாக அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அதில் அழுத்தக் குழாய் கொண்டுவரமாட்டேன், தரையில் தண்ணீர் வழியாது, அழுக்கு நீரை வாளியிலேயே திரும்ப எடுத்துச் செல்வேன் என்று எழுதுங்கள். அலசத் தேவையில்லாத திரவத்தை ஒரு வாளித் தண்ணீரில், சுமார் 10 லிட்டரில், கலந்து ஒரு காரை முடித்துவிடலாம். அதிகச் சேறு படிந்த காருக்கு இந்த முறை பொருந்தாது, அழுக்கை இழுத்துக் கீறிவிடும் என்பதை மட்டும் வாடிக்கையாளரிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். மைவியில் தொட்டி பொருத்தும் எண்ணமிருந்தால், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை நினைவில் வையுங்கள். 150 லிட்டர் என்றால் பின்னால் இரண்டு பேர் இருக்கை வார் கட்டாமல் உட்கார்ந்து ஆடிக்கொண்டு வருவது போலத்தான்.

கூரையுள்ள நிறுத்துமிடம் இருக்கும் அடுக்குமாடிகளைத் தேடச் சொல்வதற்கு மழையும் ஒரு காரணம். கோலாலம்பூரில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர் முதலான மாதங்களிலும் அது மிகுதி. திறந்தவெளி வேலைகளைக் காலையிலும், கூரைக்கடியில் செய்யும் இருக்கை வேலைகளைப் பிற்பகலிலும் அமைத்துக்கொண்டால் நாள் வீணாகாது.

பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். தீபகற்பத்தில் தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், தொழிற்பெயர் வைத்தால் 60 ரிங்கிட். உரிமம் பற்றிக் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தில் கேளுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பத்துமலையே சிலாங்கூர் மாநிலம் என்பதால் அங்கே வேறு மன்றத்தின் விதிகள் செல்லும். கூகுள் வரைபடத்தில் பதியும்போது வீட்டு முகவரியை மறைத்து, சேவை செய்யும் பகுதிகளின் பெயரை மட்டும் காட்டும் வசதி உண்டு. அது 20 பகுதிகள் வரை அனுமதிக்கும், நீங்கள் நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கருவிகள் வாங்க முதலீடு போதாவிட்டால், இந்தியத் தொழில்முனைவர்களுக்கென்று அரசின் சிறுதொழில் கடன் நிறுவனமான தெக்குன் நேஷனல் நடத்தும் ஸ்புமி கடன் திட்டத்தைப் பற்றி விசாரிக்கலாம். ஆனால் முதல் ஆண்டிலேயே கடன் வாங்கி வேன் வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

என் தொடக்க நாளில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய காரில் பால் கொட்டிய கம்பளத்தை எடுத்த ஆவேசத்தில் இருக்கைக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டேன். அங்கே மஞ்சள் நிற இணைப்பிகள் இருந்தன. அவை விபத்தின்போது விரியும் காற்றுப்பைக்கானவை. எச்சரிக்கை விளக்கு எரிந்தது, பட்டறைச் செலவை நான் கொடுத்தேன், அந்த மாத வருமானம் அதோடு சரி. அன்றிலிருந்து வேலை தொடங்கும் முன் காரைச் சுற்றிலும் உள்ளேயும் படம் எடுத்து, விளக்குகள் எரிகின்றனவா என்று உரிமையாளர் முன்னிலையில் பார்த்து, அவருக்கே அனுப்பிவிடுகிறேன். வாடிக்கையாளரின் காரை நானாக ஓட்டி இடம் மாற்றுவதும் இல்லை. நீங்களும் இதைச் செய்யுங்கள். கூடவே, புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், வேலை முடிந்த நேரம் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் மூன்று மாதம் எழுதி வாருங்கள். எந்தப் பகுதியை விடுவது, எதில் தங்குவது என்பதை அந்த ஏட்டைப் பார்த்துத் தீர்மானித்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.