கொக்குல்லோவின் பாம்புகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இத்தாலியின் அப்ருட்சோ மலைகளில் உள்ள கொக்குல்லோ என்ற சிற்றூரில், மே 1 அன்று புனித தொமினிக்கின் சிலைமீது உயிருள்ள பாம்புகளைப் படரவிட்டு ஊர்வலம் செல்வதைக் காணொளியில் பார்த்தேன். இது அங்கே வாழ்ந்த பழைய மார்சி மக்களின் அங்கீத்சியா என்ற பாம்புப் பெண்தெய்வ வழிபாட்டின் எச்சம்தானா? ஏறத்தாழ இருநூறு பேரே வாழும் ஊர் என்கிறார்கள். எல்லாவற்றையும் படமெடுத்து ஆவணப்படுத்திவிட்டால் மரபு காப்பாற்றப்பட்டுவிடும் அல்லவா? பாம்புகளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

கவிதா

அன்புள்ள கவிதா,

அங்கீத்சியாவை ஆய்வாளர்களிடம் விட்டுவிடுவோம். இந்தப் புனிதரான, 1031-ல் மறைந்த சோரா ஊர்த் தொமினிக்குக்கும் (தொமினிக்கன் துறவியர் சபையை நிறுவியவர் வேறொருவர்) அந்தத் தெய்வத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. தொடர்பு இருக்கலாம் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

உங்கள் நான்காவது வரி எனக்குக் கோபமூட்டியது. ஆவணப்படுத்தினால் போதும் என்று எப்படி இவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்? நீங்கள் பார்த்தது ஒரு நண்பகலை மட்டுமே. அந்த மரபின் பெரும்பகுதி மார்ச் இறுதியில், பனி உருகும் சரிவுகளில், குளிர்கால உறக்கம் கலைந்து வெயில் காய வரும் பாம்புகளைத் தேடி ‘செர்பாரி’ எனப்படும் பாம்புபிடிப்பவர்கள் தனித்தனியே நடக்கும் அந்த வாரங்களில் இருக்கிறது. எந்தக் கற்சுவரின் எந்தப் பக்கம் முதலில் சூடேறும், எந்தப் புதருக்குள் நான்குகோட்டுப் பாம்பு ஒளியும் என்பதைத் தந்தையுடன் நடந்த மகனும் மகளும் கால்களால் கற்றுக்கொள்கிறார்கள். அதை எந்தப் படக்கருவியாலும் பிடிக்க முடியாது.

நான் அங்கே சென்றிருந்தபோது ஒரு சிறுமி தன்னைவிட நீளமான பாம்பை, அழுத்தாமல், ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஓடைநீரைப் போல வழியவிட்டுக்கொண்டிருந்தாள். பிடித்தால் அது பயப்படும், போகவிட்டால் பயப்படாது என்பது அவள் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த விரல்களை எண்ணும்போது இன்றும் மனம் நெகிழ்கிறது.

பாவம் என்று எழுதினீர்கள். அவை நஞ்சற்றவை, சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பிடிக்க சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் சிறப்பு அனுமதி வேண்டும். விலங்கியலாளர்கள் அளந்து, உடல்நிலை பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். விழா முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்பைக் கண்டதும் தடியெடுக்காத ஓர் ஊர் அந்த உயிரினத்துக்குச் செய்திருக்கும் நன்மையைச் சற்று எண்ணிப்பாருங்கள்.

பல்வலி வராதிருக்க ஆலயமணியின் சங்கிலியைப் பல்லால் இழுப்பதையும், ஆலயத்துக் குகையின் மண்ணை அள்ளிச் சென்று வயலில் தூவுவதையும் நீங்கள் குறிப்பிடவேயில்லை. காணொளிக்காரருக்கு அவை சுவையாகத் தோன்றியிருக்காது.

பெருந்தொற்றுக் காலத்தில் ஊர்வலம் நடக்கவில்லை. சிறிது காலம் நிற்பதை ஒரு மரபு தாங்கும். இளைஞர்கள் வேலை தேடி சமவெளி நகரங்களுக்கு இறங்கிவிட்டால் மார்ச் மாதத்தில் சரிவேற ஆளிருக்காது, அதைத் தாங்காது. ஆகவே ஆவணத்துக்குச் செலவிட நினைக்கும் பணத்தை, அந்த ஊரில் ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் தங்கிப் பிழைக்க வழிசெய்யச் செலவிடச் சொல்லுங்கள். அந்தச் சிறுமி வளர்ந்தபின் அங்கேயே இருப்பாளா என்பதுதான் எனக்குள்ள ஒரே கவலை.