அப்பச்சோடா எத்தனை கரண்டி? ஒரு கரண்டியும் வேண்டாம்

கேள்வி: ஐயா, நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் தோட்ட லயத்தில் இருக்கிறோம். இரண்டு பசு வைத்திருக்கிறேன். காலையில் ஒன்பது லீற்றர், அந்தியில் ஐந்து லீற்றர் கிடைக்கும். அந்திப் பாலை இரவு வைத்திருந்து, காலையில் கறந்ததோடு சேர்த்துப் பால் நிலையத்துக்குக் கொண்டுபோகிறோம். இந்த மாதம் நான்கு தடவை "திரிந்துவிட்டது" என்று திருப்பிவிட்டார்கள். டவுனில் தீவனக் கடைக்காரர் ஒரு பவுடர் கொடுத்திருக்கிறார். பக்கத்துக் காம்பிரா அக்கா அப்பச்சோடாவே போதும் என்கிறார். பதினாலு லீற்றருக்கு எத்தனை கரண்டி போடலாம்? திரும்பி வந்த பாலைக் கன்றுக்குக் கொடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள். கடைக்காரர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேளுங்கள். இந்த மாதிரிப் பொட்டலங்களில் அநேகமாக இருப்பது ஏதோ ஒரு சோடாதான். என்ன சாமான், எவ்வளவு, யார் செய்தது என்று எழுதாத பொட்டலத்தை மனிதர் குடிக்கும் பாலில் போடச் சொல்லி விற்பவரிடம் நான் புண்ணாக்குகூட வாங்கமாட்டேன்.

ஏன் கூடாது என்று சொல்கிறேன். பாலில் உள்ள சர்க்கரை லக்டோஸ். நூற்றுக்கு நாலரை, ஐந்து பங்கு இருக்கும். பக்டீரியா அதைத் தின்று லக்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது. புளிப்பை அளக்கும் எண்ணுக்குப் பி.எச். என்று பெயர். நல்ல பசும்பாலின் பி.எச். 6.6க்கும் 6.8க்கும் இடையில். அமிலம் சேரச் சேர அது இறங்கும். பால் நிலையத்தில் உங்கள் பாலோடு அதே அளவு அல்ககோல் கலந்து குழாயை ஆட்டி, கண்ணாடி ஓரத்தில் வெள்ளைத் துகள் ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். பி.எச். சுமார் 6.4க்கு வந்தாலே துகள் தெரியும். கொதிக்க வைத்துப் பார்த்தால் 5.8 அளவுக்கு இறங்கிய பிறகுதான் திரியும். அதனால்தான் வீட்டில் காய்ச்சினால் நன்றாக இருக்கிற பாலை அங்கே வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாலில் உள்ள புரதமும் உப்புகளும் ஆரம்பத்தில் வருகிற அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் பக்டீரியா பெருகத் தொடங்கிக் கனநேரம் வரை பி.எச். அசையாது, நாக்குக்கும் தெரியாது. புளிப்பு வெளியே தெரிகிற நேரத்தில் ஒரு மில்லிலீற்றரில் கோடிக்கணக்கில் பக்டீரியா இருக்கும். சோடா போட்டால் அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூடச் சாகாது, அமிலம் மட்டும் மறையும். அமிலம்தான் அவற்றுக்கு பிரேக். பி.எச். நாலரைப் பக்கம் இறங்கியதும் தாங்கள் விட்ட அமிலத்திலேயே அவை மந்தமாகிவிடும், அழுகவைக்கிற கிருமிகளும் அதில் தலைதூக்க முடியாது. தயிர் பாலைவிட நாள்பட இருப்பது இதனால்தான். நீங்கள் சோடா போட்டால் அந்த பிரேக்கைக் கழற்றிவிட்டு, இன்னும் பெருகு என்று இடம் கொடுக்கிறீர்கள். அந்தப் பால் எந்தப் பிள்ளையின் கிளாசுக்குப் போகும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பால் நிலையத்தில் ரோசோலிக் அமிலம் என்ற சாயத்தைப் போட்டுப் பார்த்தால் சோடா கலந்த பால் ரோஜாச் சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும். ஒருமுறை பிடிபட்டால் உங்கள் பாலை அந்தப் பக்கத்தில் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. பதினாலு லீற்றரில் எந்தப் பால் திரிகிறது? கறந்த கையோடு ஒவ்வொரு பசுவின் பாலையும் தனித்தனியாக ஒரு கரண்டி எடுத்துக் கொதிக்க வையுங்கள். அப்போதே ஒன்று திரிந்தால் கோளாறு மாட்டில். கன்று போட்டு ஒரு கிழமை ஆகாத பாலும், கறவை வற்றப்போகிற காலத்துப் பாலும், சிலவேளை கொதியில் திரியாமலே, அல்ககோல் சோதனையில் தோற்கலாம். மடிவீக்கம் இருந்தாலும் தோற்கலாம். மடிவீக்கத்தில் பி.எச். இறங்காது, 7ஐ நோக்கி ஏறும், ஏனென்றால் இரத்தத்தின் உப்புகள் பாலுக்குள் கசிகின்றன. அதற்குச் சோடா போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திட்டுத்திட்டாகவோ தண்ணீராகவோ வந்தால் அன்றைக்கே அரச மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கறந்தவுடன் காய்ச்சினால் நன்றாக இருந்து, விடியற்காலையில்தான் கெடுகிறதென்றால் கோளாறு கேனில். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு இதுதான் படுகிறது.

மலைநாட்டில் எல்லோரும் சொல்வது, "இந்தக் குளிருக்குப் பால் எங்கே கெடும்?" என்பது. மடியிலிருந்து இறங்கும்போது பால் 38 பாகைச் சூட்டில் இருக்கிறது. பிளாஸ்டிக் கேனில் ஊற்றி மூடி அடுப்படி மூலையில் வைத்தால், வெளியே எவ்வளவு பனி பெய்தாலும் உள்ளே வெதுவெதுப்பு மணிக்கணக்கில் நிற்கும். பிளாஸ்டிக் சூட்டை இலேசில் வெளியே விடாது. அந்தச் சூட்டில் சில பக்டீரியா அரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் இரட்டித்துவிடும். இரவெல்லாம் பெருகியதன் மேல் காலையில் ஒன்பது லீற்றர் சூடான பாலை ஊற்றினால், ஐந்து லீற்றரின் கேடு பதினாலுக்கும் பரவும்.

அலுமினியம் அல்லது எவர்சில்வர் கேன் ஒன்று வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் நான்கு நாள் திரும்பிய பாலின் காசைக் கூட்டிப் பாருங்கள். பெயின்ட் வாளி, மருந்துக் கேன் எல்லாம் பாலுக்கு ஆகவே ஆகாது. பிளாஸ்டிக்கின் உட்பக்கத்தில் தேய்க்கத் தேய்க்கக் கீறல் விழும். அந்தக் கீறலுக்குள் பிரஷ் போகாது, பக்டீரியா போகும். இப்போது இருக்கிற கேனின் கழுத்துக்கு உள்ளே கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாகப் படை மாதிரி வந்தால் அது பால்கறை, சுண்ணச் சத்தும் புரதமும் சேர்ந்து இறுகியது. சவர்க்காரத்துக்கு அது போகாது, தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ போட்டுத் தேய்த்தால் கரையும். கிழமைக்கு ஒருமுறை அப்படிச் செய்யுங்கள். தினமும் கழுவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், ஏனென்றால் எடுத்தவுடன் கொதிநீர் ஊற்றினால் மிச்சப் பால் வெந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சவர்க்காரமும் பிரஷும், கடைசியாகக் கொதிநீர். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். கேனைத் தரையில் வைக்காமல் பலகையில் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈரம் நின்றால் கழுவியதற்கே அர்த்தமில்லை.

அந்திப் பாலைக் கறந்து வடிகட்டியதும் கேனோடு பீலித் தண்ணீரில், அதாவது மலை ஊற்றிலிருந்து ஓடிவரும் தண்ணீரில், வையுங்கள். தண்ணீர் கேனின் கழுத்து வரை வந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அடிக்கடி சுத்தமான எவர்சில்வர் கரண்டியால் கிளறிவிடுங்கள். பீலியின் குளிருக்கு மேல் அதற்குக் குளிராது. ஆனாலும் அந்த முதல் மணி நேரத்தில் சூட்டை இறக்கிவிட்டால் விடியும்வரை பெரும்பாலும் தாங்கும். காலைப் பாலை வேறு கேனில் கொண்டுபோய்த் தனியாகக் காட்டுங்கள். ஒன்றைத் திருப்பினாலும் மற்றது மிஞ்சும்.

திரும்பி வந்த பாலை உடனே காய்ச்சுங்கள். திரியாவிட்டால் ஆறவிட்டு உறை ஊற்றித் தயிராக்கி வீட்டில் சாப்பிடலாம். கன்றுக்கு ஒருநாள் நல்ல பால், ஒருநாள் புளித்த பால் என்று மாற்றிக் கொடுத்தால் கழிச்சல் வரும், அதனால் வேண்டாம். மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட பசுவின் பால், வைத்தியர் சொன்ன நாள் முடியும்வரை கன்றுக்கும் ஆகாது. சோடா கலந்த பால் ஏற்கெனவே இருந்தால் அதைக் கீழே ஊற்றிவிடுங்கள். கன்றின் வயிற்றில் பால் உறைந்துதான் நன்றாகச் செமிக்கும், சோடா அந்த உறைதலைக் கெடுக்கும்.