மூன்று பழைய போனே போதும்

கேள்வி: ஏற்காடு பக்கம் காப்பி எஸ்டேட் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலைநேர மையம் நடத்துகிறேன். 10 முதல் 14 வயது வரை 12 பேர். படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் வாழ்க்கையை அவர்களையே சொல்லவைக்க ஆசை. கையில் மூன்று பழைய ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. கேமரா வாங்க நன்கொடை கேட்கலாமா? கண்காட்சி வைக்கலாமா?

பதில்: கேமரா வேண்டாம். நன்கொடை கிடைத்தால் பிரிண்ட் போட வைத்துக்கொள்ளுங்கள். போனில் என்றால் பிள்ளைகள் படத்தைத் தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள். கையில் தாளாக இருந்தால்தான் நின்று பார்த்துப் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் இவ்வளவும்.

1990களின் தொடக்கத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சீனாவின் யுனான் மாகாணத்தில் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து உருவாக்கிய முறை இது; ‘ஃபோட்டோவாய்ஸ்’ என்பார்கள். நம் ஊரிலும் பழனிகுமார் போன்ற புகைப்படக்காரர்கள் தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்குக் கேமரா பழக்கியிருக்கிறார்கள். படத்தை நடுவில் வைத்து ஐந்து கேள்வி கேட்பது வழக்கம். என்ன தெரிகிறது? உண்மையில் அங்கே என்ன நடக்கிறது? நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஏன் இப்படி இருக்கிறது? நாம் என்ன செய்யலாம்?

சேலத்தில் தறி ஓடும் தெரு ஒன்றில் ஒரு பையன் ஒரே குழாயை ஒன்பது தடவை எடுத்து வந்தான். வீணடித்துவிட்டான் என்று ஒன்றை மட்டும் பிரிண்ட் போட்டேன். பேசும்போதுதான் தெரிந்தது, தண்ணீர் எப்போது வருகிறது என்று பிடிக்க வேளைக்கு ஒன்றாக எடுத்திருக்கிறான். மறுநாளே ஸ்டூடியோவுக்கு ஓடி மீதி எட்டையும் போட்டு வந்தேன். எதைப் பிரிண்ட் போடுவது என்பதை எடுத்த பிள்ளையே சொல்லட்டும்.

‘உங்கள் பிரச்சினையை எடுத்து வாருங்கள்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பன்னிரண்டு பேரும் குப்பைமேட்டோடு வந்து நிற்பார்கள். ‘பள்ளிக்கூடம் போகும் வழி’, ‘எனக்கு மட்டும் தெரிந்த இடம்’ என்று கொடுத்துப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு நாள் போன், 20 படம். சிம்மைக் கழற்றிவிடுங்கள். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளையின் வீடு எங்கே என்பதும் படத்தோடு போய்விடும். பனிமூட்டத்தில் லென்ஸ் வியர்க்கும். பழைய வேட்டித் துணியில் ஒரு துண்டு கொடுத்தனுப்புங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டின் கூரை ஒழுகுவதை ஒரு பிள்ளை எடுக்கிறது, அதைச் சுவரில் மாட்டுகிறீர்கள், எஸ்டேட் மேஸ்திரி பார்க்கிறார். கேள்வி பிள்ளையிடம் வராது, அப்பாவிடம் போகும். வேலையும் வீடும் ஒரே முதலாளி கையில் இருக்கும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமா? அதனால் தொடங்கும் முன் பெற்றோரிடம் சம்மதம் கேளுங்கள். படத்தில் விழுபவரிடம் பிள்ளை கேட்கட்டும். மாட்டும் முன் ஒவ்வொரு படத்துக்கும் இன்னொரு முறை கேளுங்கள். அன்றைக்குச் சரி என்றவர் இன்றைக்கு வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டியதுதான். கையெழுத்துத் தாளைக் காட்டி மடக்காதீர்கள்.

குழந்தைகள் நலக் குழு விசாரணைக்கு வந்த பிள்ளை யாராவது இருந்தால், அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. படத்தைப் பற்றிப் பேசும்போது அடி, துன்புறுத்தல் என்று ஏதாவது வெளியே வந்தால், கூட்டத்தில் கிளறாமல் தனியாகக் கேட்டு, குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

கண்காட்சி தாராளமாக வைக்கலாம். ஆனால் சுற்றுலாக்காரர்களுக்கு அப்புறம். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மையத்திலேயே கொடிக்கயிறு கட்டி, துணி கிளிப்பில் மாட்டி, பெற்றோரைக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் தங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசட்டும். முடிந்ததும் பிரிண்ட் எல்லாம் எடுத்தவர்களுக்கே. நன்கொடை கொடுத்தவர் துண்டறிக்கையில் போட ஒரு படம் கேட்பார். பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவையுங்கள்.