கேள்வி - பதில்: திருமதி வாஷிங்டனுக்காக ஒரு படம்

கேள்வி: அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனை ஜான் ராமேஜ் என்பவர் யானைத் தந்தத்தின் மேல் நீர்வண்ணத்தில் வரைந்தார் என்று படித்தேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் படமாம். தந்தத்தில் நீர்வண்ணம் ஒட்டுமா? நாட்டுத் தலைவரை இவ்வளவு சின்னதாக வரைவானேன்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: லேசில் ஒட்டாது. வேலையே அங்கேதான் இருக்கிறது. ஓவிய வாத்தியாராகக் காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன்: காகிதம் தண்ணீரைக் குடித்துவிடும், பையன்கள் செய்யும் தப்பில் பாதி அதிலேயே அமுங்கிப் போகும். தந்தம் குடிக்காது. எண்ணெய்ப் பசை வேறு உண்டு. தூரிகையை வைத்தால் தாமரை இலைத் தண்ணீர்தான். அதனால் தந்தத்தை மெல்லிய தகடாக அறுத்து, சுரண்டி, நுரைக்கல் பொடி போட்டுத் தேய்த்துப் பசையைப் போக்குவார்கள். வண்ணத்தில் பிசின் சேர்ப்பார்கள். அப்புறமும் பட்டையாக இழுக்க முடியாது. தூரிகை இரண்டாம் தரம் போனால் அடியில் உள்ள வண்ணம் கரைந்து வந்துவிடும். புள்ளி புள்ளியாக, மயிரிழைக் கோடுகளாக வைத்துக்கொண்டே போக வேண்டும். உடுப்புக்கும் பொத்தானுக்கும் வண்ணம் கெட்டியாக இருக்கலாம். முகத்தில் மட்டும் மிக மெலிதாக விடுவார்கள். அப்போதுதான் தந்தத்தின் வெண்மை உள்ளிருந்து தெரிந்து, தோலுக்கு உயிர் வரும். இத்தனை பாடும் அந்தக் கன்னத்துக்காகத்தான்.

சின்னதாக ஏன் என்றால், இது நாட்டுக்கு வரைந்த படம் அல்ல, மனைவிக்கு வரைந்தது. 1789 அக்டோபர் 3 அன்று ராமேஜ் முன் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததாகவும், அவர் திருமதி வாஷிங்டனுக்காகச் சிறு படம் வரைவதாகவும் வாஷிங்டனே டைரியில் எழுதியிருக்கிறார். பதவியேற்று ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. தலைநகரம் அப்போது நியூயார்க். அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் முதன்முதலாக அறிவித்த நன்றி நவிலல் நாளுக்கான அவருடைய பிரகடனத்தில் இருப்பதும் இதே தேதிதான். ஓவியர் முன் உட்காருவது ஆரம்பத்தில் அவருக்கு ஆகாத வேலை. முதலில் சேணம் போட்ட குதிரைக்குட்டி போல முரண்டு பிடித்தேன், இப்போது வண்டிக்குதிரைகூட என்னளவு சாதுவாக வராது என்று 1785இல் ஒரு நண்பருக்கு எழுதினார். மனைவிக்கு என்றால் கேட்கவா வேண்டும்!

எனக்கு இதில் ராமேஜைத்தான் அதிகம் பிடிக்கிறது. டப்ளின்காரர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் அரசர் பக்கம் நின்றவர். அரசரை எதிர்த்து ஜெயித்தவரே எதிரே வந்து உட்கார்ந்தபோது, வஞ்சனையில்லாமல் வரைந்து கொடுத்தார். தங்க வேலையும் தெரியும். படத்துக்கான கூட்டைத் தானே செய்வார். அப்படியிருந்தும் கடன் தொல்லையில் கனடாவுக்கு ஓடி, 1802இல் மாண்ட்ரியலில் இறந்துபோனார்.

இந்த வகைப் படங்கள் கழுத்தில் தொங்கவும், கைக்குள் வைத்துப் பார்க்கவும்தான். கூட்டின் பின்பக்கம் அந்த ஆளின் தலைமுடியை வைத்து மூடுவதும் உண்டு. போரில் வாஷிங்டனின் உதவி அதிகாரியாக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டனை சார்லஸ் வில்சன் பீல் 1780 வாக்கில் தந்தத்தில் வரைந்தார். அந்தப் படத்தைச் சுற்றி வைக்க எலிசபெத் ஸ்கைலர் தன் கையாலேயே பூவேலை செய்தார். அந்த வருஷம் டிசம்பரில் இருவருக்கும் கல்யாணம்.

கேள்வி: அப்படியானால் டாலர் நோட்டில் இருக்கும் வாஷிங்டன்?
- வாசகர், திருச்சி

பதில்: அது கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796இல் வரைந்த எண்ணெய் வண்ணப் படம். நோட்டில் இடவலம் மாறியிருக்கும். அதுவும் அவர் மனைவி மார்த்தா கேட்டு ஆரம்பித்ததுதான். ஸ்டூவர்ட் முகத்தை முடித்தார், உடுப்பை முடிக்கவில்லை. முடித்தால் கொடுத்துவிட வேண்டுமே! கடைசிவரை தன்னிடமே வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பிரதி எடுத்து விற்றார். அந்தப் பிரதிகளுக்கு அவர் வைத்த செல்லப் பெயர் 'என் நூறு டாலர் நோட்டுகள்'. விலை அதுதான்.